வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே இடைத்தொலைவு: ஒரு முன்னாய்வுக்கான முன்னுரை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுக் கூட்டத்தில் வெஸ்ட்ரே என்றொரு தீவு. அதை ஒட்டினாற்போல் பாப்பா வெஸ்ட்ரே என்றொரு குட்டித் தீவு. இரண்டின் விமானத் தளங்களுக்கும் இடையே 2.7 கிலோமீட்டர், எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதையே ஏறக்குறைய அவ்வளவு நீளம். 1967-இல் லோகன்ஏர் இங்கே விமானம் விடத் தொடங்கியது. அட்டவணைப்படி 2 நிமிடம், சாதனை 53 நொடி. செய்தி இவ்வளவுதான். இனி ஆய்வு.

பெயர்: 'பாப்பா' தூய தமிழ்ச் சொல் என்பது வெளிப்படை. பழைய நார்ஸ் மொழியில் அது கிறித்தவத் துறவிகளைக் குறிக்கும் என்பார்கள். அந்த விளக்கத்துக்குச் சான்று இருப்பதால் ஆய்வுக்கு அதில் வேலையில்லை, விட்டுவிடுகிறோம்.

இடையில் உள்ள கடல்: இடையில் உள்ளது.

காலம்: இங்கேதான் சிக்கல். கண் இமைப்பதும் கை நொடிப்பதும் ஒரு மாத்திரை என்பது தொல்காப்பிய மரபு. அப்படியானால் 53 நொடி என்பது 53 கைநொடியா? ஆய்வாளர் சுவர்க்கடிகாரத்தின் முன் உட்கார்ந்து நொடித்துப் பார்த்தார். கை கடிகாரத்தை முந்திக்கொண்டு ஓடியது. விரல் சிவந்தது (காண்க: விரல்). மறுநாள் இடக்கையால் நொடித்ததில் சத்தமே எழவில்லை. சத்தம் வராத நொடி நொடியாகுமா என்பதில் ஆய்வாளரின் தம்பி மாறுபடுகிறார் (காண்க: தம்பி, நேர்காணல், மாடிப்படி, 3ஆம் படி). மூன்றாம் நாள் கண்ணிமை முறை. எண்ணப் போகிறோம் என்று தெரிந்ததுமே இமை அடம்பிடிக்கிறது, அது ஆய்வுக்கு ஒத்துழைக்காத உறுப்பு (காண்க: மேற்படி தம்பி, 'உனக்கு வேறு வேலையே இல்லையா?', மறுப்புரை, அதே மாடிப்படி, 5ஆம் படி, காபிக் கறை படிந்த திருத்திய பதிப்பு, இதற்கு அம்மா அடுப்படியிலிருந்து எழுதாத அணிந்துரையும் ஒப்புநோக்கத்தக்கது).

வேகம்: 2 நிமிடக் கணக்கில் மணிக்கு 81 கிலோமீட்டர், பேருந்துக்கு ஒப்பு. 53 நொடிக் கணக்கில் 183. ஆக, ஒரே விமானம் இரண்டு விமானம் என்று நிறுவலாம். இதைவிட மெலிந்த ஆதாரத்தில் ஒரே புலவரை இரண்டு புலவர்களாக்கியவர்கள் நம்மிடையே உண்டு.

இதையெல்லாம் அறியாமலே அந்தத் தீவுகளின் ஆசிரியர்களும் மருத்துவர்களும் நோயாளிகளும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். எட்டுப் பேர் கொள்ளும் ஐலாண்டர் விமானம், பணிப்பெண் கிடையாது. பாப்பா வெஸ்ட்ரேயில் நேப் ஆஃப் ஹவார் என்ற, 5,000 ஆண்டுகளுக்கும் பழைய கல்வீடு இருக்கிறது. அதைத் தேடிவரும் தொல்லியலாளர்களும் இதில்தான் போவார்கள். தங்கள் பட்டங்களைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லி முடிப்பதற்குள் இறங்கவேண்டியிருப்பது அவர்களுக்குப் பெருங்குறை.

பறந்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பதும் உண்டாம். நம் பன்னாட்டுக் கருத்தரங்குகளிலும் கொடுக்கிறார்கள். அங்கே 2.7 கிலோமீட்டர்கூட யாரும் நகர்வதில்லை.