சுருக்கம்: ஒரு விரிவான ஆய்வு

துணியில் விழும் சுருக்கம் இருவகைப்படும்: உடுத்தியவர் உட்கார்ந்ததால் விழுவது, பீரோவில் திணித்ததால் விழுவது. முன்னதைத் தடுக்க வழியில்லை. பின்னதை நீக்கவே இஸ்திரிப் பெட்டி தோன்றியது. பருத்தி நூலின் செல்லுலோஸ் இழைகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஈரம் புகுந்தால் பிடி தளரும். சூட்டில் இழை இளகும். கனத்த தகடு மேலே போனால் நேராகும். உலர்ந்ததும் அந்த நிலையிலேயே புதுப் பிணைப்புகள் அமைந்துவிடும். ஆக வேண்டியவை ஈரம், சூடு, அழுத்தம் என மூன்றே. பேண்ட்டை மடித்துப் பாய்க்கடியில் வைத்துப் படுத்த தலைமுறை, பெரும்பாலும் அழுத்தத்தை மட்டுமே நம்பி, ஓர் இரவு முழுவதையும் செலவிட்டு ஏறக்குறைய இதே முடிவை எட்டியது.

மூன்றையும் ஒரே கைப்பிடிக்குக் கீழே கொண்டுவரும் முயற்சி பழையது. மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு நியூயார்க்கின் ஹென்றி சீலி 1882-ல் காப்புரிமை பெற்றார். மின்சார நீராவிப் பெட்டியை 1926-ல் எல்டெக் என்ற நியூயார்க் சலவை நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது சரியாக விலைபோகவில்லை. தண்ணீர் தெளிக்கக் கை என்றொரு கருவி ஏற்கெனவே எல்லோரிடமும் இருந்தது காரணமாகலாம்.

இன்று நீராவிப் பெட்டி வாங்கப் போவோருக்குத் தேர்வின் முதல் விதி கடையில் இல்லை, வீட்டுச் சுவரில் இருக்கிறது. இன்றைய ஸ்டீம் அயர்ன்கள் பெரும்பாலும் சுமார் 1,200 வாட்டில் தொடங்கி 2,400 வாட் வரை போகின்றன. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1,380 வாட். 2,200 வாட் பெட்டி ஏறத்தாழ 9.6 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். நடுத்தர வீட்டில் அத்தகைய பிளக் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும், குளியலறையில் கீசர் பக்கத்திலும், கூரையை ஒட்டி ஏசிக்கு அருகிலும் இருக்கும். எனவே பெரிய பெட்டி வாங்கிய குடும்பம், காலையில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுச் சட்டை தேய்க்கும் குடும்பமாகிறது. கன்வெர்ஷன் பிளக் இதற்குத் தீர்வாகாது. அது பின்னின் அளவை மாற்றுமே தவிர சுவருக்குள் ஓடும் கம்பியின் தடிமனை மாற்றாது. எந்தப் பெட்டியானாலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நலம்.

அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது தனி இலக்கிய வகை. உரையாசிரியர் இல்லாமல் விளங்காது. ‘நிமிடத்துக்கு 25 கிராம் நீராவி’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளலாம். 30 டிகிரியில் உள்ள ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க 2,550 ஜூல் வேண்டும். 25 கிராமை ஒரு நிமிடத்தில் ஆவியாக்க 1,060 வாட் செலவாகும். பெட்டியின் மொத்தத் திறனே 1,250 வாட் என்றால் துணியைச் சூடாக்க மிஞ்சுவது 190 வாட். நீராவியை விடாமல் திறந்து வைத்தால் தகடு ஆறும்; ஆறிய தகட்டிலிருந்து ஆவிக்குப் பதில் தண்ணீரே சொட்டும், சில சமயம் பழுப்பு நிறத்தில், எப்போதும் வெள்ளைச் சட்டையின் மேல்.

‘ஸ்டீம் பூஸ்ட் 180 கிராம்’ என்ற தொடர் இன்னும் நுட்பமானது. முன்சொன்ன கணக்குப்படி அதற்கு 7,650 வாட் வேண்டும். 300 மில்லி தொட்டியும் இரண்டு நிமிடத்துக்குள் வற்றிப்போகும். நடப்பது வேறு. பொத்தானை அழுத்தினால், தகட்டில் தேங்கியுள்ள சூட்டைக் கொண்டு சில கிராம் தண்ணீர் சீறி வெளியேறுகிறது. அந்த நொடியின் வேகத்தை நிமிடக் கணக்கில் பெருக்கி அச்சிட்டிருக்கிறார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நிமிடம் எந்த வீட்டிலும் வந்ததில்லை. ஒப்பிட வேண்டியது தொடர் நீராவியின் அளவை. அதையும் வாட்டோடு சேர்த்து.

அடுத்தது தண்ணீர். ஆவி மட்டுமே வெளியேறும். கரைந்திருந்த உப்பு உள்ளேயே தங்கும். வீட்டுக்கு வரும் ஆர்ஓ விற்பனையாளர் புண்ணியத்தில் தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் குறிக்கும் டிடிஎஸ் என்ற சொல் இன்று சமையலறை வரை தெரியும். 1,000 டிடிஎஸ் உள்ள போர் தண்ணீரை வாரம் ஒரு முறை 300 மில்லி ஊற்றினால் ஆண்டுக்கு 15 கிராமுக்கு மேல் உப்பு சேரும், அதாவது மூன்று தேக்கரண்டி. இதில் சுண்ணாம்புப் பகுதி ஆவித் துளைகளை அடைக்கும். எஞ்சியது கறுப்புப் பேண்ட்டில் வெள்ளைப் பொருக்காக உதிரும். ‘செல்ஃப் கிளீன்’ பொத்தான் உள்ள மாடல் இதனால்தான் தேவை. பெயர் அப்படியிருந்தாலும், மாதம் ஒரு முறை தொட்டியை நிரப்பி, முழுச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கி, வாஷ்பேசினுக்கு மேல் பிடித்துக் குலுக்கும் வேலை மனிதருடையதே. இன்வெர்ட்டருக்கென்று வாங்கிவைத்த டிஸ்டில்டு வாட்டரைச் சாதாரணத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலப்பது நல்ல வழக்கம். கஞ்சி, வினிகர், பன்னீர் ஆகியவை தொட்டிக்கு ஆகாது.

கைப்பிடிக்குக் கீழுள்ள சுழல்குமிழில் ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. நைலானுக்கு ஒன்று, பட்டுக்கும் பாலியஸ்டருக்கும் இரண்டு, பருத்திக்கு மூன்று. பொதுவாக இரண்டு புள்ளிக்கு மேல்தான் ஆவி ஒழுங்காக வரும். பட்டுப்புடவைக்கு ஆவியை அடைத்து, மேலே மெல்லிய துணி விரித்துத் தேய்ப்பதே பத்திரம். ஒரு சொட்டு விழுந்தாலும் கறை நிற்கும். சொட்டுத் தடுப்பு உள்ள மாடலுக்குக் கூடுதலாகச் சில நூறு ரூபாய் கொடுக்கலாம்.

தகடு செராமிக்கா, நான்ஸ்டிக்கா என்ற விவாதம் கடைக்காரர்களுக்கு வாழ்வளிக்கிறது. பட்டன், ஜிப் மேல் உரசும் வீடுகளில் நான்ஸ்டிக்கில் சீக்கிரம் கீறல் விழும் என்பதோடு அதை முடிக்கலாம். பெட்டியின் மின்கம்பி இரண்டு மீட்டராவது இருக்கட்டும்.

யாரும் கவனிக்காதது, கீழே விரிப்பது. ஆவி துணியை ஊடுருவி மறுபக்கம் போக வேண்டும். அயர்ன் டேபிளில் கம்பிவலை இருப்பது அதற்காக. சாப்பாட்டு மேஜையில் ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டால், ஆவி அதில் ஊறி மேஜைப் பாலிஷில் வெண்படலமாக இறங்கும். துணியும் முழுதாக உலராது. ஹேங்கரில் மாட்டிய சிறிது நேரத்தில் பழைய சுருக்கம் பாதி திரும்பிவிடும். டேபிள் வாங்க இடமோ காசோ இல்லாத வீட்டில் நீராவிப் பெட்டியின் பயன் பாதிதான்.

இறுதியாக, விதிவிலக்கு. ஒன்றேகால் கிலோ நீராவிப் பெட்டிக்கு மொடமொடவென்று கஞ்சி போட்ட எட்டு முழ வேட்டி வசப்படாது. கஞ்சி தகட்டில் ஒட்டிக் கருகும், ஆவி விறைப்பை இளக்கும், கரை சுருண்டுகொள்ளும். அதற்குக் கையால் தெளித்த தண்ணீரும் ஆறேழு கிலோ பித்தளைப் பெட்டியின் கனமும் வேண்டும். வேட்டியே பெரும்பான்மையாக உள்ள வீட்டார் 1,000 வாட் சாதாரணப் பெட்டி ஒன்றைச் சட்டைகளுக்கு வைத்துக்கொண்டு, வேட்டியைத் தெருமுனைத் தேய்ப்பு வண்டியில் கொடுப்பது போதும்.