சாதுவா இருக்கானேன்னு அசந்துராத, தாயீ

கொரியாக்காரன் எடுக்குற கொலைக்கதையைப் பாக்கணும்னா முதல்ல ஒரு பாடம் படிச்சுக்கோ, தாயீ. கதையில எவன் ரொம்பச் சாது, எவன் வாரவன் போறவனுக்கெல்லாம் குனிஞ்சு கும்பிடு போடுதான், எவன் பக்கத்து வீட்டுக் கிழவிக்குக் கூடையைத் தூக்கிக் கொடுக்கான்னு பாரு. அவன்தான். தலை வாராதவன், குடிகாரன், வாயைத் திறந்தா வஞ்சிக்கிட்டே திரியறவன், இவங்களையெல்லாம் விட்டுரு. அவங்க போலீசா இருப்பாங்க.

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனும் கையுமா இதைத்தான் பாக்கான்னு உங்கம்மா எங்கிட்ட வந்து குறை சொல்லுதா. "புள்ளைக்கு நீங்களாச்சும் புத்தி சொல்லுங்க மாமா"ங்கா. பாக்காதன்னா நீ கேக்கவா போற? அதனால எப்படிப் பாக்கணும்னு சொல்லிருதேன். அதுவும் புத்தி சொன்ன கணக்குதான.

அங்க சனங்க கையில துப்பாக்கி சாமானியத்துல கிடைக்காது. சட்டம் அப்படி. அதனால கதையில எவனும் தூரத்துல நின்னு சுட்டுட்டு ஓடிற முடியாது. கொல்லணும்னா கிட்ட வரணும். கிட்ட வரணும்னா பழகணும். பழகுனவன்னா யாரு? தெரிஞ்சவன். கடைக்காரன், பல் டாக்டர், ஆபீஸ் மேனேஜர், கட்டின புருசன். அப்புறம் எப்படி உனக்குத் தூக்கம் வரும்? இதுல ஒரு கூத்து என்னன்னா, டிவியில கத்தியைக் காட்டுனா முனையை மட்டும் கலங்கலாக்கி மறைச்சிருவாங்க. பொணம் கிடக்கும், ரத்தம் கிடக்கும், கத்தி மட்டும் கூச்சப்பட்டு நிக்கும்.

2021-ல 'பியாண்ட் ஈவில்'னு ஒண்ணு வந்துச்சே. மன்யாங்னு ஒரு கற்பனை ஊரு. பொழுது சாஞ்சா ஊர்ச்சனம் கறிக்கடையில கூடும். கறியைச் சுட்டுத் தின்னு, சோஜுவை ஊத்திக் குடிச்சு, ஒருத்தனை ஒருத்தன் கேலி பேசி எந்திரிச்சுப் போகும். அந்தக் கூட்டத்துல ஓரமா உக்காந்திருப்பான் ஒரு மளிகைக்கடைக்காரன். வாயில்லாப் பூச்சி. சின்னப்புள்ள அதட்டுனாலும் தலையைச் சொறிவான். அவன்தான் இருபது வருசமா அந்த ஊர்ப் பொண்ணுகளைக் கொன்னு புதைச்சவன். மகள்னு வளத்தவளைக்கூட விடலை. சரி, ஆளைப் பிடிச்சாச்சு, கதை முடிஞ்சுதுன்னு நீ எந்திரிக்கப் போவ. அங்கதான் உக்காரணும். பாதிக் கதையிலயே அவன் மாட்டி, செத்தும் போயிருதான். மிச்சக் கதை பூரா ஊர்ப் பெரிய மனுசங்க கதை. ஒரு பொண்ணு மேல காரை ஏத்துனவன் பெரிய போலீஸ் அதிகாரியா நிமிந்து நிக்கான். அதை மூடி மறைச்சவங்க அரசியல்லயும் நிலத்தரகுலயும் கொடிகட்டிப் பறக்காங்க.

மாட்டுச்சந்தையில தரகன்தான் பெருசாச் சத்தம் போடுவான், துண்டுக்குள்ள கையை விட்டு வித்தை காட்டுவான். வாங்க வந்தவன் பாக்க வேண்டியது மாட்டை. இந்தக் கதைகள்ல கொலைகாரன் அந்தத் தரகன் மாதிரி. நீ பாக்க வேண்டியது அவனைச் சுத்தி நிக்கிற ஊரை.

கதைதானேன்னு நினைக்காத. ஹ்வாசோங்னு நெசமாவே ஒரு ஊரு, சியோலுக்குத் தெக்க, கியோங்கி மாகாணத்துல இருக்கு. 1986-லருந்து 1991 வரைக்கும் அந்த வட்டாரத்துல பத்துப் பொம்பளைங்க செத்தாங்க. தேடுன போலீசை ஆள்நாள் கணக்குல கூட்டிப் பாத்தா 20 லட்சத்தைத் தாண்டுதாம். பி வகை ரத்தக்காரன்னு முடிவு கட்டிக்கிட்டுத் தேடுனாங்க. நெசமாக் கொன்னவனுக்கோ ஓ வகை. விசாரிச்சு அனுப்பி வச்ச ஆளுகள்ல அவனும் ஒருத்தன். அதே நேரத்துல, இளம்பிள்ளை வாதத்துல கால் விளங்காத ஒரு ஏழைப் பயலைப் பிடிச்சு, தூங்க விடாம அடிச்சு, நான்தான் செஞ்சேன்னு எழுதி வாங்கிட்டாங்க. அவன் சுமார் இருபது வருசம் உள்ள கிடந்தான். நிரபராதின்னு கோர்ட்டு சொன்னது 2020 டிசம்பர்ல.

நெசக் கொலைகாரனைக் கண்டுபிடிச்சது 2019-ல. பழைய சாட்சிப் பொருள்கள்ல டிஎன்ஏ எடுத்துப் பாத்தா, ஆளு ஏற்கனவே பூசான் ஜெயிலுக்குள்ள இருக்கான். 1994-ல கொழுந்தியாளைக் கொன்னதுக்கு ஆயுள் தண்டனை. ஜெயில்ல அவனுக்கு என்ன பேரு தெரியுமா? நன்னடத்தைக் கைதி! நான் முதல்ல சொன்ன பாடம் இப்ப விளங்குதா? பேரைச் சொல்ல மாட்டேன், அவனுக்கு அந்தப் பெருமை எதுக்கு. பதினாலு கொலைன்னு அவனே ஒத்துக்கிட்டான். ஆனா அந்தப் பத்துக்கும் வழக்கே போட முடியலை. கொலைக்கு அப்ப பதினைஞ்சு வருசம்தான் கெடு. கடைசிக் கொலைக்கு 2006-லயே கெடு தாண்டிருச்சு. இனிமே கொலைக்குக் கெடுவே கிடையாதுன்னு சட்டத்தை மாத்துனது 2015-ல.

மறு வருசமே 'சிக்னல்' வந்துச்சு பாரு. பழைய வாக்கிடாக்கி ஒண்ணு ராத்திரி 11:23-க்கு உயிர் பெத்து, அந்தக் காலத்துப் போலீசும் இந்தக் காலத்துப் போலீசும் பேசிக்கிடுதாங்க. ஹ்வாசோங்கை நினைச்சு எழுதுன வழக்கும் அதுல இருக்கு. எழுதுனது கிம் உன்ஹீங்கிற அம்மா. செத்த பேட்டரியில எப்படிப் பேச முடியும்னு உங்க மாமன் கேக்கான். அந்தக் கூமுட்டையை விடு. முப்பது வருசம் கழிச்சும் ஒரு ஆளு அந்தக் கோப்பை மூடாம வச்சிருக்கானேங்கிறதுதான் அங்கத்திச் சனத்துக்குத் தித்திப்பு. ஊருல நடக்காதது பதினாறு பகுதியில நடந்துருதுல்ல. உனக்கும் அதுதான் இனிக்குது, கொலைகாரன் மூஞ்சி இல்ல. அவன் மூஞ்சிதான்னா சொல்லிரு, பூசாரியைக் கூட்டிட்டு வாரேன்.

'மவுஸ்' எனக்கு ஒப்பலை. கருவுலயே கொலைகார ரத்தமான்னு கண்டுபிடிச்சிரலாம்னு அதுல ஒரு விஞ்ஞானி கிளம்புதான். எல்லாத்தையும் ரத்தத்து மேல போட்டுட்டா, அடிச்சு வாக்குமூலம் வாங்குன போலீசு, கண்டும் காணாம போன பக்கத்து வீட்டுக்காரன், எல்லாரும் வேட்டியை உதறிக்கிட்டு எந்திரிச்சுப் போயிரலாம். நல்ல வசதி.

அதுக்கு 'வென் தி கமீலியா ப்ளூம்ஸ்' எவ்வளவோ மேல். காதல் கதைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயி நடுவுல கொலைகாரனைச் செருகி வச்சிருக்கான். நண்டுக்கடை நடத்துற பொம்பளைங்க, புருசனில்லாம ஒத்தைப் புள்ளையோட மதுக்கடை போட்டவளை வாய்க்கு வந்தபடி பேசுதாளுக. அவ உயிருக்கு ஆபத்துன்னதும் அதே வாயாடிகதான் முறை வச்சுக் காவல் நிக்காளுக. கடைசியில அவளே பீர் கிளாசை எடுத்து அவன் மண்டையில ஒண்ணு போடுதா பாரு! கைதட்டுனேன். உங்க அப்பத்தா முழிச்சுக்கிட்டா.

கல்யாணப் பேச்சு நடக்குற நேரம், 'ஃப்ளவர் ஆஃப் ஈவில்' மட்டும் கொஞ்ச நாள் கழிச்சுப் பாரு. புருசன் சமைக்கான், பிள்ளையைக் குளிப்பாட்டுதான், பொண்டாட்டி வந்ததும் சிரிக்கான். பொண்டாட்டி துப்பறியும் போலீசு. அவன் கொலைகாரன் இல்ல, கொலைகாரன் பெத்த புள்ளை. ஆனா அது தெரியுறதுக்குள்ள நீ பாத்திரம் கழுவுற மாப்பிள்ளையையெல்லாம் வேண்டாம்னுருவ. எத்தனை வருசத்துக்கு ஒருக்க அப்படி ஒருத்தன் வாரான்?

ஆபீஸ்ல உன்னை எவனாவது ஏறி மிதிச்சா 'சைக்கோபாத் டைரி' போடு. ஒரு பயந்தாங்கொள்ளிக் குமாஸ்தா, கொலைகாரனோட டைரி கையில கிடைச்சு, தலையில அடிபட்டு நினைவு தப்பி, நாமதான் கொலைகாரன்னு நம்பிக்கிடுதான். அதுக்கப்புறம்தான் அவன் நிமிந்து நடக்கான்; மத்தவங்களும் மரியாதை கொடுக்காங்க. டைரிக்கு நெசச் சொந்தக்காரன் அதே கம்பெனியில பெரிய நாற்காலியில உக்காந்திருக்கான். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது. ஆனா உன் மேலதிகாரிகிட்டப் போயி டைரி எழுதுவீங்களான்னு கேட்டுறாத.

போன வாரம் புதுசா ஒண்ணைப் போட்டுக் கொடுத்தியே, 2025-ல வந்தது, 'குயின் மாண்டிஸ்'. பொம்பளைங்களைக் கொடுமைப்படுத்துன ஆம்பளைகளைக் கொன்னுட்டு ஜெயில்ல கிடக்கா ஒரு தாய்க்காரி. அவளை மாதிரியே வெளியில எவனோ கொல்ல ஆரம்பிக்கான். துப்பு கேட்டு அவகிட்டப் போக வேண்டிய போலீசுக்காரன் அவ பெத்த மகன். கீழ ஓடுற எழுத்தை வாசிக்க எனக்குக் கண்ணாடி பத்தலை. ஞாயித்துக்கிழமை வா, சேந்து பாப்போம். முடிவு தெரிஞ்சா வாயைத் திறந்துராத. உங்கம்மா கேட்டா, தாத்தா புத்தி சொல்லிக்கிட்டு இருக்காருன்னு சொல்லு.