சுடோகுவில் ஒழிபு என்னும் பிரமாணம்: ஆரம்ப சாதகர்களுக்கு ஒரு விசாரம்

காலைப் பத்திரிகையின் உட்பக்கத்தில், ராசிபலனுக்கும் திரைப்பட விளம்பரத்துக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கும் 81 கட்டங்களை வெறும் பொழுதுபோக்கென்று அலட்சியமாய்க் கடந்துபோகும் பாமர வாசகர்களை ஒருபுறம் நிறுத்திவிட்டு, அக்கட்டங்களுக்குள் ஒரு தர்க்க சாஸ்திரமே அடங்கியிருப்பதை உரிய பிரமாணங்களோடு ஸ்தாபிப்பதே இவ்வாராய்ச்சியின் நோக்கமாகும். விதி சுருக்கமானது: நிரை ஒவ்வொன்றிலும், நிரல் ஒவ்வொன்றிலும், மும்மூன்றாய் அடுக்கிய ஒன்பது கட்டங்களாலான பெட்டி ஒவ்வொன்றிலும், 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரே முறை வரவேண்டும்.

இது கணிதம் என்பார் பூர்வபட்சிகள். நிரையின் கூட்டுத்தொகை 45 என்று கண்டு மகிழ்வோரும் அவருள் உளர். அம்மகிழ்ச்சிக்கு அப்பால் அதனால் விளையும் பயன் அற்பமே. இலக்கங்களை நீக்கி ஒன்பது வகைக் கனிகளை வரைந்து வைத்தாலும் புதிருக்கு யாதொரு குறையும் நேராது. சரித்திரமும் நம் கட்சியையே ஆதரிக்கிறது. 1979இல் அமெரிக்க இதழொன்றில் இப்புதிர் முதன்முதல் அச்சேறியபோது அதை வகுத்தவராகக் கருதப்படும் ஹோவர்ட் கார்ன்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். 1984இல் ஜப்பானில் அதற்கு இப்போதைய பெயரைச் சூட்டிய மாக்கி காஜி, கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட குதிரைப் பந்தயப் பிரியர். 2004இல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் அதை இடம்பெறச் செய்த வேய்ன் கூல்டோ ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணித நிபுணர்கள் பிற்பாடு வந்து, முழுதும் நிரம்பிய கட்டங்கள் 6,670,903,752,072,936,960 வகைப்படும் என்று எண்ணிச் சொன்னார்கள். 17க்குக் குறைவான இலக்கங்களைக் கொடுத்து ஒரே விடையுள்ள புதிரை அமைக்க இயலாதென்றும் 2012இல் நிறுவினார்கள். வியக்கத்தக்க உண்மைகளே, எனினும் காப்பி ஆறுவதற்குள் ஒரு கட்டத்தையாவது நிரப்ப முயலும் சாதகனுக்கு இவை துணை நில்லா.

அவனுக்குத் துணை நிற்பது, சைவ சித்தாந்திகள் அளவைகளைப் பத்தென விரிக்கும்போது அவற்றுள் ஒன்றாக வைத்தெண்ணும் ஒழிபு. இராமனும் இராவணனும் பொருதனர், வென்றவன் இராவணன் அல்லன் எனின், இராமன் வென்றது சொல்லாமலே பெறப்படும் அன்றோ? சுடோகுவில் ஒவ்வொரு கட்டத்துக்கும், கூட்டுக்குடும்பத்தில் போல, தன் நிரையிலும் நிரலிலும் பெட்டியிலுமாகச் சுற்றத்தார் இருபதுபேர் உளர்; அவர்கள் தம்முள் எட்டு இலக்கங்களைப் பிடித்துக்கொண்டார்களாயின், ஒன்பதாவது அக்கட்டத்துக்கு உரியது.

ஆனால் 'இக்கட்டத்தில் எந்த இலக்கம்?' என்று கேட்பது ஒரு மரபு. 'இவ்விலக்கம் எந்தக் கட்டத்தில்?' என்று கேட்பது மற்றொரு மரபு. ஆரம்ப சாதகன் முன்னதைப் பற்றிக்கொண்டு, வெற்றுக்கட்டம் ஒன்றையே வெறித்து நோக்கிக் காலங்கழிக்கிறான். பின்னதே அவனுக்கு உகந்தது என்பது எம் சித்தாந்தம். மேல்வரிசைப் பெட்டிகள் மூன்றனுள், இடப்பெட்டியின் 7 முதல் நிரையிலும் நடுப்பெட்டியின் 7 இரண்டாம் நிரையிலும் இருக்கக் காண்போமாயின், வலப்பெட்டியின் 7 மூன்றாம் நிரையில் அன்றி வேறெங்கும் புகமாட்டாது. அங்குள்ள மூன்று கட்டங்களில் இரண்டு முன்னமே நிரம்பியிருந்தால், விசாரணை முடிந்தது. இலக்கம் மிகுதியாய்ச் சிதறிக் கிடப்பது எதுவோ அதிலிருந்து தொடங்குவது விவேகம்.

இதற்கும் மேலான நுட்பமொன்று உண்டு. அதைச் சொல்லுமிடத்து எம் நடை சற்று உணர்ச்சிவசப்படுமாயின் வாசகர் பொறுத்தருள்க. ஒரு நிரையில் இரு கட்டங்கள் 2, 8 என்னும் இரண்டையே ஏற்கவல்லனவாய் எஞ்சினால், எது எதில் என்பது நமக்குத் தெரியாது. தெரியாவிடினும், அந்நிரையின் மற்றெக்கட்டத்திலும் அவ்விரண்டும் வாரா என்பது நிச்சயமாகிவிடுகிறது. நம் அஞ்ஞானம், அஞ்ஞானமாகவே இருந்துகொண்டு, அயற்கட்டத்துக்கு ஞானத்தை வழங்குகிறது! இவ்வகை இரட்டையரைக் கட்டத்தின் மூலையில் பென்சிலால் சிறிதாய்க் குறித்துவைத்தல் வேண்டும். பேனாவால் எழுதுவோரைத் தைரியசாலிகள் என்று சிலர் புகழ்வர். நாளிதழ்க் காகிதம் ரப்பரைத் தாங்காது கிழிந்துவிடும் என்பதை அறிந்த முன்ஜாக்கிரதைக்காரர்கள் என்பதே எமது துணிபு.

எஞ்சியது ஊகம். 'இங்கே 6 இருக்கலாம்' என்று எழுதிவிட்டு மேற்செல்பவனை அப்புதிர் உடனே தண்டிப்பதில்லை. முப்பது கட்டங்கள் வரை அவனை உற்சாகமாய் அழைத்துச் சென்று, கடைசி நிரையில் இரண்டு 6களை எதிரெதிரே நிறுத்திக் காட்டும். பிழை எங்கே புகுந்தது என்று அப்போது பின்னோக்கித் தேடுவது வியர்த்தம். விடை அச்சாகும் மறுநாள் பத்திரிகை நம் வீட்டுக்கு வருமா, எதிர்வீட்டில் இரவல் கேட்க வேண்டுமா என்பதை விசாரித்துக்கொள்வதே அப்போது செய்யத்தக்கது.