ஆறரை மணி நேரத்தில் நியூயார்க்கா?

கேள்வி: சிங்கப்பூரில் ராத்திரி 12 மணிக்கு விமானம் ஏறிய என் மகன், அதே தேதி காலை 6.30க்கு நியூயார்க்கில் இறங்கிவிட்டேன் என்கிறான். ஆறரை மணி நேரத்தில் அமெரிக்காவா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மகன் பொய் சொல்லவில்லை அம்மா, பாதிக் கணக்கைத்தான் சொல்லியிருக்கிறார். கோடையில் நியூயார்க்கைவிட சிங்கப்பூர்க் கடிகாரம் 12 மணி நேரம் முந்தி ஓடும் (குளிர்காலத்தில் 13). அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்: பிள்ளை உட்கார்ந்தே வந்தது பதினெட்டரை மணி நேரம்!

தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். உலகிலேயே மிக நீண்ட பயணிகள் விமானச் சேவைகளில் இது ஒன்று. 2004இல் நியூயார்க்கை ஒட்டிய நூவர்க்குக்கு நிற்காமல் பறக்கத் தொடங்கிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 2013இல் அதை நிறுத்தியது. அப்போதைய விமானத்தின் நான்கு எஞ்சின்கள் குடித்த எரிபொருளுக்குக் கட்டுப்படியாகவில்லை. 2018இல் இரண்டே எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ350 வந்து வழியை மீட்டுக்கொடுத்தது. எரிபொருள் மட்டும் 1,65,000 லிட்டர் கொள்ளும். அத்தனை சுமையோடு பறக்க வேண்டியிருப்பதால் இருக்கைகள் வெறும் 161. சாதாரண வகுப்பே கிடையாது.

வரைபடத்தில் கோடு போட்டு நேரம் கணக்கிடாதீர்கள். மேற்கிலிருந்து கிழக்கே பாயும் உயர்வானக் காற்றைப் பார்த்துத்தான் அன்றன்றைய பாதையே முடிவாகிறது. விமானத் தொழிலில் எனக்குப் பெரிய வியப்பு அதுதான்.

திரும்பும்போது கடிகாரம் கடனை வசூலித்துவிடும். திங்கள் இரவு 10 மணிக்குக் கிளம்பி 19 மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் புதன் காலை 5 மணி. மகன் செவ்வாய் விரதக்காரர் என்றால், எந்த ஊர்ச் செவ்வாய் என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளச் சொல்லுங்கள்.