மேல் பிளக் முதலில்

அப்பாவின் அம்பாசடர் 1972 மாடல், மார்க் 2. மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு வாடகைக்கு ஓடிய வண்டி. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கினால் சில நாட்களில் பின்னாலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் வரும். சவாரிக்காரர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். அப்பா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்பார். "கிரவுன் பேசுது" என்பார். சவாரி முடிந்து ஊர் திரும்பியதும், வண்டிச் சூடு ஆறுவதற்குள் பங்க்கில் இருந்த குழியின் மேல் கொண்டுபோய் நிறுத்துவார். குழிக்குள் அவர் இறங்க, பின்னாலேயே டார்ச்சோடு நானும் இறங்குவேன். எனக்குப் பத்து வயது.

"லைட்டை ஆட்டாமப் புடிம்மா."

பின் அச்சின் கீழ் பிளக் கழன்றதும் கறுத்த ஆயில் கயிறு போல முறுக்கிக்கொண்டு தகர டின்னில் இறங்கும். கூடவே அழுகிய முட்டை நாற்றம். அப்பா அதில் ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நெடுநேரம் தேய்ப்பார். வழவழவென்று இருந்தால் முகம் தெளியும். மணல் போல உறுத்தினால் கியர் பல் தேய்கிறது என்று பொருள். அன்றைக்கு வீட்டில் பேச்சு குறைந்துவிடும்.

அந்த நாற்றத்துக்குக் காரணம் பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. அம்பாசடரின் எஞ்சின் முன்னால் இருக்கிறது. வண்டியைத் தள்ளுவதோ பின்சக்கரங்கள். நீண்ட ஷாஃப்ட் கொண்டுவரும் சுழற்சியைக் குறுக்கே திருப்பி இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் வேலை, பின் அச்சின் நடுவே பூசணிக்காய் போலப் புடைத்த ஹவுசிங்குக்குள் நடக்கிறது. அங்கே ஷாஃப்ட் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியன், பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே தள்ளி அமர்ந்திருக்கும். அதனால் பற்கள் ஒன்றோடொன்று கோத்து உருளும்போதே வழுக்கிக்கொண்டும் போகும். அப்போது எழும் அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதைத் தாங்கத்தான் கந்தகம் சேர்ந்த 90 ஆயில். அப்பாவின் காக்கிச் சட்டையில் எத்தனை துவைத்தும் போகாமல் இருந்தது அந்தக் கந்தகம்தான்.

உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. அப்பாவும் இப்போது இல்லை. வண்டி என்னிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை அழகர்கோவில் வரை போய் வருகிறது. சத்தம் கேட்டால்தான் அப்பாவுக்கு ஆயில் நினைவு வரும். மலையும் சவாரியும் வேறெதற்கும் நேரம் விடவில்லை. நானோ சத்தமே இல்லாத வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேதி குறித்து மாற்றுகிறேன். அன்று கடையில் 'தொண்ணூறு' என்றால் போதும், டின் வந்துவிடும். இன்று 80டபிள்யூ-90 என்று எழுதிக்கொண்டு போனாலும் கடைக்காரர் எந்த வண்டிக்கு என்று இரண்டு முறை கேட்கிறார். வடித்த ஆயிலை அப்பா மாட்டுத்தொழுவக் கம்பங்களில் கரையானுக்குப் பூசுவார். நான் கேனில் சேர்த்துப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுக்கிறேன்.

நடுவில் ஒருமுறை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பையன்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் பழகிய கார்களில் எஞ்சின், கியர், டிஃபரன்ஷியல் எல்லாம் முன்னாலேயே ஒன்றாக அடங்கியிருக்கும். பின்னால் ஆயில் என்ற பேச்சே கிடையாது. கீழ் பிளக்கை முதலில் கழற்றி முழுவதையும் வடித்துவிட்டார்கள். பிறகு ஊற்றுவதற்கு மேல் பிளக்கைத் திருகினால், அது துருவேறிப் பிடித்திருந்தது. ஸ்பானர் வழுக்கி வழுக்கி அதன் முனைகள் மழுங்கிப்போயின. ஹவுசிங் காலி, ஊற்ற வழியில்லை, வண்டியை நகர்த்தவும் முடியாது. பதினொரு நாள் அங்கேயே நின்றது. கடைசியில் வயதான வெல்டர் ஒருவர் மழுங்கிய தலையின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தார். அந்தச் சூட்டிலேயே பிடிப்பு விட்டது. ஸ்பானர் போட்டதும் கழன்று வந்தது. அந்தப் பதினொரு நாளும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நானே செய்கிறேன். போன மாதம் என் மகள் செல்போன் வெளிச்சம் பிடித்தாள். "அய்யோ அம்மா, என்ன நாத்தம்" என்று மூக்கைப் பொத்தினாள். ஒரு சொட்டு எடுத்து அவள் விரல்களில் வைத்துத் தேய்க்கச் சொன்னேன். "வழவழன்னுதான் இருக்கு" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய அம்பாசடர் நின்றால் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். சிறிது தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். சமமான தரையில் நிறுத்துங்கள். மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது கழன்ற பிறகுதான் கீழ் பிளக்கில் கை வைக்க வேண்டும். பழையது வடிந்ததும் கீழ் பிளக்கை மூடிவிட்டு, புது ஆயில் மேல் துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். வழிந்து நின்றதும் மூடுங்கள்.