பை பின்னிப் பாவம் தொலைப்போர்

ஜெர்மனியில் பாவம் தொலைக்கக் கோயில் குளம் போக வேண்டியதில்லை. கத்தரிக்கோலும் குரோஷா ஊசியும் போதும். பழைய பிளாஸ்டிக் பையை மேசைமேல் நீவி விரியுங்கள். அடி ஒட்டையும் கைப்பிடியையும் வெட்டி எறியுங்கள். மிஞ்சியதை இரண்டு விரல் அகலத்தில் நறுக்கினால் வளையம் வளையமாக வரும். ஒன்றை இன்னொன்றில் கோத்து இழுத்தால் நூல் தயார். அதில் பின்னிய பை தோளில் தொங்கினால் பூமாதேவி மன்னித்துவிடுவாள். வெட்டி எறிந்த கைப்பிடிகள் எங்கே போயின என்று அவள் கேட்க மாட்டாள்.

நம்மூரில் பால் கவரைக் கழுவிக் காயவைத்து மிதியடி பின்னிய அத்தைகளுக்குக் கிடைத்த பட்டம் 'கஞ்சம்'. இங்கே அதையே கட்டணம் செலுத்தி வகுப்பில் கற்கிறார்கள். கற்கட்டும். பின்னுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களைப் பின்னவிட்டுப் பின்னால் நின்று சிரிப்பவர்கள்மேல்தான் கோபம்.

2020 நவம்பரில் ஜெர்மன் நாடாளுமன்றம் பைத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2022 ஜனவரி 1 முதல் 15 மைக்ரானிலிருந்து 50 மைக்ரான் வரை தடிமனுள்ள பைகளைக் கடைக்காரர் கொடுக்கக் கூடாது. மீறினால் ஒரு லட்சம் யூரோ வரை அபராதம். கைதட்டுங்கள். தட்டி முடித்ததும் அந்த எண்களை மறுபடி பாருங்கள். 15க்குக் கீழே இருப்பது தக்காளி போடும் மெல்லிய கவர். அதை உருளையிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் கிழித்துக்கொள்ளலாம். 50க்கு மேலே இருப்பது இன்னும் அதிக பிளாஸ்டிக். அது பலமுறை பயன்படுமாம், ஆகவே உத்தமன். இளைத்ததும் தப்பியது, பெருத்ததும் தப்பியது, மாட்டியது நடுவில் இருந்தது. பின்னலுக்குத் தோதானதும் அதுதான். பழைய பை கிடைக்காமல் போனால், பழசை மறுபயன்பாடு செய்யும் கைவினைக்காகப் புதுசாகக் குப்பைப் பை ரோல் வாங்கி நறுக்குவார்கள். கடைக்காரருக்கு அதிலும் லாபம்.

2015இல் ஓர் ஆண்டுக்குத் தலைக்கு 68 பை. மறு ஆண்டிலிருந்து கடைகள் பைக்குக் காசு கேட்கத் தொடங்கின. சட்டம் வருவதற்குள் எண்ணிக்கை இருபதை ஒட்டி இறங்கிவிட்டது. சாகக் கிடந்தவனை வெட்டிவிட்டு வீரப்பதக்கம் குத்திக்கொண்டார்கள். காகிதம், கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்த பேக்கிங் குப்பை மட்டும் கொழுத்தது: 2018இல் தலைக்கு 227.5 கிலோ, 2021இல் சுமார் 237 கிலோ.

சூப்பர்மார்க்கெட்டில் வெள்ளரிக்காய் வரிசையைப் பார்த்தால் இதன் லட்சணம் தெரியும். சாதா வெள்ளரி அம்மணமாகக் கிடக்கும். மருந்தடிக்காத இயற்கை வெள்ளரிக்குத்தான் பல கடைகளில் பிளாஸ்டிக் சட்டை. இரண்டும் கலந்துவிடக் கூடாதாம். நமக்குத் தெரியாத தீட்டா! வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையை உரித்து மஞ்சள் பையில் போடுகிறோம். தமிழ்நாட்டு மஞ்சப்பை துணி. இங்கே பேக்கிங் குப்பையைச் சேர்க்கத் தரும் மஞ்சள் பையே பிளாஸ்டிக்.

பிறகு அது எங்கே போகிறது? 2018இல் வெளிநாட்டு பிளாஸ்டிக் கழிவுக்குச் சீனா கதவைச் சாத்தியதும் மலேசியாவும் துருக்கியும் அகப்பட்டன. 2020இல் மட்டும் ஜெர்மனி ஏற்றுமதி செய்த பிளாஸ்டிக் கழிவு சுமார் 10 லட்சம் டன். மறு ஆண்டு துருக்கியின் அதானா பகுதியில், சாலையோரம் கொட்டி எரித்த குவியல்களிலிருந்து ஜெர்மன் கடைகளின் கவர்களை எடுத்துக் காட்டியது கிரீன்பீஸ் என்ற சூழல் அமைப்பு. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குக் குரோஷா வகுப்பு யாரும் நடத்தவில்லை.

மறுசுழற்சி ஆகாத பேக்கிங் பிளாஸ்டிக்குக்கு, கிலோவுக்கு 80 சென்ட் என்று 2021 முதல் உறுப்பு நாடுகளிடம் ஐரோப்பிய ஒன்றியம் வசூலிக்கிறது. ஜெர்மனியின் பங்கு ஆண்டுக்கு நூறு கோடி யூரோவுக்கும் மேல். கட்டுவது தயாரித்த கம்பெனி அல்ல, அரசுக் கருவூலம். இனி கம்பெனிகளே கட்டட்டும் என்று 2023 டிசம்பரில் அரசு வீராப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் தொடங்கும் என்றார்கள். ஜனவரி வந்தது, போனது.

ஆக, பை பின்னும் அந்த அம்மாள் வகுப்புக்கும் காசு கட்டுகிறார், வெள்ளரிக்கும் கட்டுகிறார், வெள்ளரியின் சட்டைக்கான தண்டத்தையும் வரியாகக் கட்டுகிறார். சட்டை தைத்த முதலாளி கட்டியது கழுத்தில் டை மட்டும்.