முகூர்த்தமில்லா மணவிழாவில் படமெடுத்தல்: கள்ளக்குறிச்சி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஐயரும் அக்கினியும் இல்லாமல், வந்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு மாலை மாற்றலோடு முடிந்துவிடும் திருமணங்களைப் படமெடுப்பது தனித் துறையாகக் கருதத்தக்கது. 1928 இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததையே முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்வது வழக்கம். 1967 இல், அண்ணா ஆட்சியில், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டபோது அத்தகைய மணங்களுக்குச் சட்டத் தகுதி கிடைத்தது. மணமக்கள் தமக்குப் புரியும் எந்த மொழியிலாவது ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தால் போதும். அல்லது மாலை மாற்றலாம், எந்த விரலிலாவது மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். உறவினர், நண்பர் அல்லது பிற நபர்கள் உடனிருக்க வேண்டும். இந்தப் ‘பிற நபர்கள்’ யார் என்று சட்டம் விளக்கவில்லை. வட்டாரத்து மண்டபங்களை வைத்துப் பார்த்தால் அவர்கள் சமையல்காரரும் போட்டோக்காரரும்தான்.

துறையின் அடிப்படைச் சிக்கல் கெட்டிமேளம் இல்லாமைதான். பிரெஞ்சுப் படக்கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1952 இல் வெளியிட்ட நூலுக்குப் பின், சரியான கணத்துக்குக் காத்திருப்பதே படமெடுப்பவரின் பெருந்திறம் என்று உலகம் பேசத் தொடங்கியது. சடங்குத் திருமணத்தில் அந்தத் திறம் தேவையே இல்லை. ஐயர் விரலை ஆட்டுவார், தவில் அதிரும், அட்சதை பறக்கும்; தூங்கிக்கொண்டிருக்கும் போட்டோக்காரரும் விழித்துக்கொள்ள அவகாசம் உண்டு. முகூர்த்தமில்லா மணவிழாவில் அப்படியில்லை. தலைமை தாங்குபவர் பெண்கல்வி பற்றிப் பேசிக்கொண்டே வந்து, அதே மூச்சில் “இப்போது மணமக்கள் மாலை மாற்றிக்கொள்வார்கள்” என்று சொல்லிவிடுவார். அந்த நேரம் பார்த்து பேட்டரி மாற்றப்பட்டுக்கொண்டிருக்கும்.

எனவே “அண்ணே, இன்னொரு தடவை” என்ற வேண்டுகோள் எழுகிறது. மாலைகள் கழற்றப்பட்டு மீண்டும் மாற்றப்படுகின்றன. இதில் சட்ட நுட்பம் ஒன்று உண்டு. முதல் மாலை மாற்றலிலேயே திருமணம் முடிந்துவிடுவதால், ஆல்பத்தில் இடம்பெறுவது ஏற்கெனவே மணமானவர்கள் மாலை மாற்றிக்கொள்ளும் காட்சி. மூன்றாம் முறை வீடியோவுக்காக மாற்றப்படும்போது சபையோர் கைதட்டுவதையும் நிறுத்திவிடுகிறார்கள்.

புரோகிதரை நீக்கிய இடம் காலியாக இருப்பதில்லை என்பதே இவ்வாய்வின் முடிபு. அங்கே போட்டோக்காரர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். “மாப்ள, தாடைய இறக்கு”, “பொண்ணு, இங்க பாரும்மா”, “பின்னாடி பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்கங்க” என்னும் அவருடைய மந்திரங்கள் எல்லாருக்கும் புரிகின்றன. அதனாலேயே மறுப்பின்றி நிறைவேறுகின்றன. எந்தச் சடங்குக்கும் குனிய மறுத்த மணமகன் குழுப்படத்துக்காக மூன்று முறை குனிகிறார்.

அடுத்தது ஒளி. பகுத்தறிவாளர் வீட்டு மணங்கள் சில வேண்டுமென்றே இராகு காலத்தில் நடத்தப்படுவதுண்டு. இதன் ஒளியியல் விளைவு போதிய அளவு ஆராயப்படவில்லை. ஞாயிறு இராகு காலம் மாலை 4.30 முதல் 6 மணி வரை. சாய்ந்த வெயில் முகத்தில் மஞ்சளாகப் படியும் அந்நேரத்துக்காக உலகெங்கும் படமெடுப்பவர்கள் தவம் கிடக்கிறார்கள்; பஞ்சாங்கமோ அதைக் கெட்ட நேரம் என்கிறது. திங்கள் காலை 7.30 முதல் 9 வரையும் குறை சொல்ல முடியாது. புதன்தான் மோசம்: நண்பகல் 12 முதல் 1.30. அதிலும் சித்திரை இரண்டாம் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும் கள்ளக்குறிச்சியில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும். கண்குழிகள் கறுத்து, மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுந்து, மணமகளுக்கும் மீசை முளைத்துவிடும். புதன்கிழமையைப் பொறுத்தவரை பஞ்சாங்கம் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கறுப்புச் சட்டை இன்னொரு இடையூறு. காட்சி முழுவதையும் சராசரியாக 18 விழுக்காடு ஒளி திருப்பும் சாம்பல் நிறமாகக் கருதியே கேமராவின் ஒளிமானி கணக்குப் போடுகிறது. மேடையில் எட்டுப் பேர் கறுப்புச் சட்டையில் நின்றால், இருட்டிவிட்டது என்று அது முடிவுகட்டி ஒளியைக் கூட்டுகிறது. சட்டைகள் சாம்பலாகின்றன, மணமகள் முகம் சுண்ணாம்பாகிறது. வெள்ளைவேட்டி உறவினர் வரிசையில் இதே பிழை தலைகீழாக நேரும். இரு தரப்பையும் கலந்து நிறுத்துவதே தீர்வு. சமத்துவத்துக்கு ஒளிமானியின் ஆதரவும் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

மலை மணங்கள் வேறு வகை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலேறி, வெள்ளிமலைப் பக்கம் போனால் ஒளி பற்றிய கவலை குறையும். காலைப் பனிமூட்டம் வெயிலை வடிகட்டிக் கொடுப்பதால், கீழே வாடகைக்கு எடுக்கும் குடைவிளக்குக்கு மேலே வேலையில்லை. ஆனால் ஏசி காரில் குளிர்ந்து வந்த கேமராவை ஈரக்காற்றில் எடுத்த உடனே லென்ஸில் நீர் பூக்கும். அது தெளியும்வரை எடுத்தவை எல்லாம் ‘கனவுக் காட்சி’ என்ற பெயரில் ஆல்பத்தில் சேர்க்கப்பட்டு, கூடுதல் கட்டணமும் பெறப்படுகிறது. மணம் முடிந்ததும் அருவிப் படலம். கல்வராயன் மலையில் மேகம் அருவி, பெரியார் அருவி என இரண்டும் பெயர் பெற்றவை. பொருத்தமே பார்க்காத மணமக்கள்கூட இரண்டாவதன் பெயர்ப்பொருத்தத்தை விடுவதில்லை.

இயல்பாக எடுப்பது என்னும் ‘கேண்டிட்’ முறை நகரத்திலிருந்து வந்தது. கேமரா இருப்பது தெரியாமல் சிரிக்க வேண்டும் என்பது விதி. “கேமராவப் பாக்காம சிரிங்க” என்று உரக்க அறிவித்த பின்பே அது எடுக்கப்படுகிறது. இதற்கு மாறாக, மொய்க்கவரைக் கொடுப்பவரும் வாங்குபவரும் கவரின் இரு முனைகளைப் பிடித்தபடி, ஒருவரையொருவர் பாராமல் கேமராவை நோக்கி உறைந்து நிற்கும் படம் எந்தச் சீர்திருத்தத்துக்கும் அசையவில்லை. சடங்கொழித்த திருமணத்தில் எஞ்சிய ஒரே சடங்கு அதுதான். அதற்கே அதிக நேரமும் ஆகிறது. வரிசை மேடையிலிருந்து இறங்கி பந்தி வாசல் வரை நீளும்.

இறுதியாக, படத்தின் அலுவல் பயன். தமிழ்நாட்டுத் திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 இன்படி மணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. ஆல்பம் தருவதற்கு இப்படிக் கெடு எதையும் சட்டம் வைக்காததால், பதிவுக்குப் போகிறவர்கள் ஒன்றுவிட்ட தம்பி செல்போனில் எடுத்த படங்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. முதல் மாலை மாற்றல் பதிவாகியிருப்பதும் பெரும்பாலும் அதில்தான்.